எல்லாரும் வந்தாச்சு என்று நான் சொன்ன நாள்

கிராம நிர்வாக அலுவலராகப் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன். பட்டா மாறுதல், அடங்கல், சான்றிதழ் எல்லாம் பயிற்சியிலேயே சொல்லித் தந்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றும் இல்லை. நான் சொல்லப்போவது ஒரு மே மாதப் பகலையும் அதையொட்டி வந்த இரண்டு நாட்களையும் பற்றி. இருபத்தாறு வருட வேலையில் எனக்குப் பாராட்டுக் கடிதம் கிடைத்தது ஒரே ஒரு முறை, அந்தப் பகலுக்காகத்தான். என் வேலையிலேயே பெரிய தப்பைச் செய்ததும் அதே பகலில்தான். கடிதத்தில் அந்தத் தப்பைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் ஓடும் மணல் திட்டில் ஒரு குப்பம் என் பொறுப்பில் இருந்தது. பெயர் வேண்டாம். எண்பது வீடு இருக்கும். பாதி ஓட்டு வீடு, பாதி கூரை. கிழக்கே கடல், மேற்கே ஏரி. தெற்கே வீடுகளின் முதுகை ஒட்டியே சவுக்குத் தோப்பு தொடங்கிவிடும். குப்பத்துக்கு இருந்த ஒரே சாலை அந்தத் தோப்புக்குள் புகுந்துதான் வெளியே போகும். புயல் பாதுகாப்புக் கட்டடமும் அந்தச் சாலையோரம், தோப்புக்கு நடுவில், கொஞ்சம் மேடான இடத்தில் இருந்தது. வெள்ளம் ஏறாத இடம் என்று பார்த்துக் கட்டியது.

அன்றைக்கு நான் காட்டூரில் ஒரு வயல் தகராறைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி இருக்கும். தேசம்மா போன் செய்தாள். குப்பத்து மகளிர் குழுத் தலைவி அவள். ஊர்த் தலைவர் ஏகாம்பரத்தின் மகள். எப்போதும் நிதானமாகப் பேசுகிறவள் அன்றைக்கு மூச்சு வாங்கினாள்.

"அம்மா, தோப்பு எரியுது. பொகை ஊருக்குள்ள வருது. ஃபயருக்கு போன் போட்டாச்சு. பொன்னேரியிலேர்ந்து வரணுமாம்."

எனக்கு வாயில் முதலில் வந்த வார்த்தை எது தெரியுமா? "எல்லாரையும் பாதுகாப்புக் கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்பதுதான்.

 தேசம்மா கத்தினாள். "இன்னாம்மா பேசற நீ? அந்தக் கட்டடமே தோப்புக்குள்ளதான கீது!"

எத்தனையோ புயல் ஒத்திகை நடத்தியிருந்தேன். ஒவ்வொன்றிலும் ஜனங்களைக் கடலைவிட்டு விலகி அந்தக் கட்டடத்துக்கு ஓடச் சொல்லிப் பழக்கியிருந்தேன். ஆபத்து என்றதும் என் புத்தி தானாக அங்கே போய் நின்றது. இந்தத் தடவை ஆபத்து கடலிலிருந்து வரவில்லை என்பது மண்டையில் ஏறவே இல்லை. அவள் கேட்டுக்கொண்டு போகிறவளாக இருந்திருந்தால் எண்பது குடும்பத்தையும் நெருப்புக்குள் அனுப்பியிருப்பேன்.

"சரி தேசம்மா. நீ இன்னா நினைக்கற? எங்க போலாம்?" என்று கேட்டேன்.

"கடல்காத்து தென்கிழக்கால அடிக்குது. கடற்கரைல நின்னா பொகை இல்ல, ஆனா அலை பெருசா கீது, கெழடுங்கள போட்ல ஏத்த முடியாது. ஏரிக்கரைல வடக்கால போனா படகு கீது. தண்ணி முழங்காலளவுதான். பயமில்ல."

"அப்போ அங்க போங்க. யாரும் சாமான் எடுக்க நிக்க வேணாம்."

அன்றைக்கு நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்தக் கேள்விதான் என்று இப்போதும் நினைக்கிறேன். காற்று எங்கிருந்து அடிக்கிறது என்று அங்கே நிற்கிறவளுக்குத்தான் தெரியும். உங்களுக்குப் பதவி இருக்கிறது, கையில் திட்ட அறிக்கை இருக்கிறது. இருந்தாலும் கேளுங்கள். கேட்பதற்கு ஆகிற நேரம் மூன்று நொடி.

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பழவேற்காட்டுக்கு விரட்டினேன். வழி நெடுக போன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏரிக்கு அந்தப் பக்கம் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர் எழும்பி நின்றது. சாலை அடைபட்டுவிட்டதால் மீன் ஏற்றி வந்த ஒரு படகைப் பிடித்து ஏரி வழியாகப் போனேன். பாதித் தூரம் போகும்போதே வெடிச் சத்தம் கேட்டது. கேஸ் சிலிண்டர். கூரைகளில் பிடித்துவிட்டது என்று படகுக்காரர் சொன்னார்.

ஏரிக்கரையின் வடக்கு ஓரத்தில் ஜனங்கள் நின்றுகொண்டிருந்தார்கள். நனைத்த துணியை மூக்கில் கட்டியிருந்தார்கள். கிழவர்களைப் படகில் உட்கார வைத்திருந்தார்கள். சந்தைக்குப் போயிருந்த பெண்களின் பிள்ளைகளை மற்றவர்கள் இடுப்பில் தூக்கி வைத்திருந்தார்கள். யாரும் அழவில்லை. எல்லாரும் தெற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவரவர் வீடு எந்த இடத்தில் எரிகிறது என்று புகையிலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏகாம்பரத்திடம் போய்க் கேட்டேன். "எல்லாரும் வந்துட்டாங்களா?"

அவர் வீடு வீடாக ஆள் அனுப்பிப் பார்த்திருந்தார். தெருத் தெருவாகப் பெயர் சொல்லி எண்ணியிருந்தார். "எல்லாரும் வந்தாச்சும்மா. ஒரு உசுரு பாக்கி இல்ல."

அந்த நேரத்தில் வட்டாட்சியரிடமிருந்து நாலாவது தடவையாகப் போன். அவருக்கு மேலே இருக்கிறவர்கள் அவரைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாட்ஸ்அப் குழுவில் எல்லாரும் ஒரே கேள்வி: உயிர்ச்சேதம் உண்டா? நான் சொன்னேன்: "இல்லை சார். எல்லாரும் பத்திரமாக ஏரிக்கரைக்கு வந்துட்டாங்க." குழுவிலும் அதையே எழுதினேன். உடனே கைகூப்பும் படங்களும் 'வெல்டன்'களும் வந்து விழுந்தன. பொய் சொல்லமாட்டேன், அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பதினைந்து நிமிடம் இருக்கும். தேசம்மா கூட்டத்துக்குள்ளிருந்து என்னிடம் வந்தாள். முகத்தில் கரி. தணிந்த குரலில் கேட்டாள்.

"அம்மா, வெட்டுக்கு வந்தவங்க இன்னா ஆனாங்க?"

சவுக்கு வெட்ட வந்த இருளர் குடும்பங்கள் மூன்று அந்தத் தோப்பிலேயே ஏரிப்பக்கமாகக் கொட்டகை போட்டுத் தங்கியிருந்தன. ஆறேழு மாதமாக அங்கேதான் இருந்தார்கள். வெட்டு இல்லாத நாளில் ஏரியில் நண்டு பிடிப்பார்கள். எனக்குத் தெரியாத ஆட்கள் இல்லை. அந்தச் சாலையில் போகும்போதெல்லாம் கொட்டகையைப் பார்த்திருக்கிறேன். ஏகாம்பரத்துக்கும் தெரியும். ஆனால் அவரிடம் 'எல்லாரும்' என்று கேட்டபோது அவருடைய எல்லாரையும் எண்ணிச் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. கேள்வியைக் கேட்டவள் நான். 'எல்லாரும்' என்றால் யார் யார் என்று தெரிந்திருக்க வேண்டியவளும் நான்தான்.

வட்டாட்சியருக்குப் போன் செய்தேன். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்த மனிதர், அதிகம் பேசமாட்டார். 

"சார், நான் சொன்னது தப்பு. தோப்புக்குள்ள மூணு குடும்பம் இருக்கு. அவங்கள நான் பாக்கல."

"எத்தனை பேர்?"

"தெரியல சார்."

"எந்தப் பக்கம்?"

"ஏரிப்பக்கம்."

 அவர் சொன்னார்: "ஒரு வண்டி ரோட்டுப் பக்கம் நிக்குது. வழியில வந்துட்டிருந்த ரெண்டாவது வண்டியை, உயிருக்கு ஆபத்து இல்லன்னதும் வேற எடத்துக்குத் திருப்பிட்டாங்க. திரும்பக் கூப்பிடறேன். மேல நான் பேசிக்கறேன். நீ அழறதா இருந்தா படகுல ஏறி அழு. நேரம் இல்ல."

அதட்டல் இல்லை, ஆறுதலும் இல்லை. அவரை நினைக்கும்போதெல்லாம் அந்தக் கடைசி வாக்கியம் காதில் கேட்கும்.

கரையில் படகு கேட்டேன். முதலில் யாரும் அசையவில்லை. கூட்டத்தில் ஒருவர் சொன்னார்: "அவனுங்கதான் அடுப்பு மூட்டி வெச்சிருப்பானுங்க. நம்ம வீடு எரியுது, அவனுங்களத் தேடிப் போவணுமா?" இன்னும் இரண்டு பேர் ஆமாம் போட்டார்கள்.

 ஏகாம்பரத்துக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். தன் சின்னப் படகின் கயிற்றை அவிழ்த்தார். "அத அப்பறம் கேக்கலாம். அந்தக் கோலை இப்டி குடு" என்றார். தேசம்மா "நைனா, பொகைல எப்டி போவ?" என்று கேட்கும்போதே கோலோடு படகில் ஏறிவிட்டார். நானும் ஏறிக்கொண்டேன்.

அவர் கோல் ஊன்றித் தள்ள, கரையோரமாகவே தெற்கே போனோம். இருபது அடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. கண் எரிந்து நீராகக் கொட்டியது. ஏகாம்பரம் தள்ளுவதை நிறுத்தி, காதைச் சாய்த்துக் கேட்டார். டங் டங் என்று ஒரு சத்தம். யாரோ அலுமினியப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

சத்தத்தை வைத்துப் போய்ச் சேர்ந்தோம். சேற்றில் தொடை வரை இறங்கி நின்றிருந்தார்கள். பெரியவர்களும் குழந்தைகளுமாகப் பத்துப் பேர். கரையில் கோரைப்புல் பற்றி எரிந்துகொண்டிருந்தது. ஒரு பெண் சவுக்கு வெட்டும் கத்தியின் பின்பக்கத்தால் சட்டியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். எங்களைப் பார்த்த பிறகும் நிறுத்தவில்லை.

"இன்னும் ஒருத்தர் உள்ள கீறாரு" என்றாள். "என் வூட்டுக்காரரு. பேப்பரு எடுக்கப் போனாரு. சத்தம் நின்னா வழி தெரியாது அவருக்கு."

படகில் ஒரே தடவையில் அத்தனை பேரும் ஏற முடியாது. ஏறினால் தரை தட்டும் என்றார் ஏகாம்பரம். குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகளுக்கு உதடு நீலம் பாய்ந்ததுபோல் இருந்தது. காத்திருக்க முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. நான் சேற்றில் இறங்கினேன். வீரத்தால் இறங்கவில்லை. நான் இறங்கினால் இன்னொருவர் ஏறலாம். அந்தப் பெண் தன் இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிவிட்டு, ஏற மறுத்துச் சட்டியைத் தட்டிக்கொண்டே நின்றாள். படகு போயிற்று. நாங்கள் இரண்டு பேர்.

எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. அவள் கை சோர்ந்தபோது நான் வாங்கித் தட்டினேன். கத்தியின் பிடி சூடாக இருந்தது. 

அவர் வந்தார். புகைக்குள்ளிருந்து, ஒரு பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்துக்கொண்டு, காலை உதறி உதறி வந்து தண்ணீரில் விழுந்தார். சவுக்குச் சருகு மேலே சாம்பலாகத் தெரியும். அடியில் கங்கு கிடக்கும். அதன்மேல் வெறும் காலோடு ஓடி வந்திருக்கிறார். இரண்டு பாதமும் வெந்துபோயிருந்தன. படகு திரும்பி வந்ததும் ஏற்றி, குடிதண்ணீர் கேன் இரண்டையும் பாதத்தின்மேல் ஊற்றிக்கொண்டே வந்தோம்.

பையில் என்ன என்று பிறகு பார்த்தேன். ஆதார் அட்டைகள், அதோடு மூத்த பிள்ளையின் சாதிச் சான்று. எத்தனையோ தடவை அலைந்து வாங்கியது. அது கிடைப்பதற்கு முன் தயாரான விசாரணை அறிக்கையின் நகலும் அதில் இருந்தது. அறிக்கையில் என் கையெழுத்து இருந்தது. 'மேற்படி குடும்பத்தினர் எனது கிராமத்தில் வசிப்பதை நேரில் விசாரித்து அறிந்தேன்' என்று எழுதியிருந்தேன். நான் எழுதிய வாக்கியத்தைக் காப்பாற்றத்தான் அவர் காலைச் சுட்டுக்கொண்டார். அப்படி எழுதிய எனக்கு, அவர்கள் அங்கே வசிப்பது தேவையான நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

அவர் பெயர் மணி. ஆம்புலன்சில் பொன்னேரி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். கூட அவருடைய அண்ணன் போனார். மனைவி பிள்ளைகளோடு இருந்துகொண்டாள்.

இரண்டாவது தீயணைப்பு வண்டி வந்தபோது நாலு மணி ஆகியிருந்தது. தீ அடங்கியபோது முப்பதுக்கும் மேற்பட்ட கூரைகள் போயிருந்தன. மீதி வீடுகளிலும் புகை. மின்கம்பிகள் அறுந்து கிடந்தன. யாரும் அங்கே தங்க முடியாது. இருட்டுவதற்குள் முந்நூறு பேருக்கு இடமும் சோறும் வேண்டும்.

இங்கேதான் என் இரண்டாவது தப்பு. ஏரிக்கு அந்தப் பக்கம், கடலைவிட்டு உள்ளே தள்ளி, விவசாயக் கிராமம் ஒன்றில் கோயிலை ஒட்டிப் பெரிய கல்யாண மண்டபம் இருந்தது. கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி, சமையல்கட்டு எல்லாம் உண்டு. அதுதான் சரியான இடம் என்று எனக்கு முதல் நிமிடமே தெரியும். ஆனால் அந்த ஊருக்கும் குப்பத்துக்கும் ஆகாது. இரண்டு வருடம் முன்னால் படகு ஏற்றிவந்த லாரி அறுவடைக்கு நின்ற நெல்லில் இறங்கி, கைகலப்பாகி, போலீஸ் வரை போயிருந்தது. அந்தச் சமாதானக் கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன். அவர்கள் தரமாட்டார்கள் என்று முடிவு கட்டிவிட்டு, வேறு எங்கெங்கோ போன் செய்தேன். ஒரு பள்ளிக்கூடத்தில் கூரை வேலை நடந்துகொண்டிருந்தது. இன்னொரு மண்டபத்துக்காரர் எடுக்கவே இல்லை. அனுப்பம்பட்டு பக்கம் ஒரு இடம் கிடைத்தது. ஐம்பது பேர்தான் படுக்கலாம். ஒரு மணி நேரம் போய்விட்டது. பிள்ளைகள் பசியில் அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

வேறு வழியில்லாமல்தான் அந்த ஊர்க் கோயில் தர்மகர்த்தா தசரதனைக் கூப்பிட்டேன். சண்டையில் அவர் வயல்தான் பாழானது. தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"பொகையை நாங்க மத்தியானமே பாத்துட்டோம்" என்றார் அவர். "யாராவது கேப்பாங்கன்னு சாவியைக் கைலயே வெச்சிக்கினு கீறேன். ஏம்மா இவ்ளோ நேரம்?"

என் பதிலுக்குக் காத்திராமல் அவரே தொடர்ந்தார்.

"நாளைக்குக் காலைல என் மருமவளுக்கு அதே மண்டபத்துல வளைகாப்பு. சமையல்காரர் வந்துட்டாரு, அரிசி பருப்பெல்லாம் எறங்கியாச்சு. இன்னிக்கே ஒல வெக்கச் சொல்றேன். நாலு டிராக்டர் அனுப்பறேன், எங்க நிக்கட்டும்?"

தம்பி, தங்கைகளே, உதவி கேட்கப் போகும்போது நாம் செய்யும் பெரிய பிழை இது. எதிராளி சார்பாக நாமே 'முடியாது' என்று சொல்லிக்கொண்டு திரும்பிவிடுகிறோம். அவர் மறுத்தால் மறுத்துவிட்டுப் போகட்டும். அந்த வார்த்தையைச் சொல்லும் உரிமை அவருடையது. என்னுடைய கூச்சத்துக்கு முந்நூறு பேர் ஒரு மணி நேரம் வெயிலில் நின்றார்கள்.

படகில் ஏரியைக் கடந்து, டிராக்டரில் ஏறி, வெளிச்சம் இருக்கும்போதே மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். சாம்பார் சாதம் தயாராக இருந்தது. அங்கே அடுத்த சிக்கல். இருளர் குடும்பங்கள் உள்ளே வரக்கூடாது என்று குப்பத்துக்காரர்கள் சிலர் வாசலை மறித்தார்கள். 'தீ வெச்சவங்க' என்ற பேச்சு அதற்குள் எல்லார் வாயிலும் ஏறியிருந்தது. அந்த மூன்று குடும்பங்களையும் அனுப்பம்பட்டில் கிடைத்த இடத்துக்கு அனுப்பிவிட்டால் பிரச்சனை தீர்ந்தது என்று எனக்கும் தோன்றியது. சுலபமான வழி. ஆனால் அனுப்பினால், நெருப்பு வைத்தது அவர்கள்தான் என்று அரசாங்கமே முத்திரை குத்தியதுபோல ஆகிவிடும். என்ன செய்வது என்று புரியாமல் நின்றேன்.

தேசம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். அவளுடைய வீடு முழுசாகப் போயிருந்தது. நேராக மணியின் மனைவி முன்னால் போய் நின்றாள்.

"நீங்க வெச்சீங்களா நெருப்பு?"

"இல்லக்கா. நாங்க அடுப்பே மூட்டல. காலைல பழைய சோறு துன்னுட்டு வெட்டுக்குப் போனோம். பொகை தெக்கால ரோட்டுப் பக்கத்துலேர்ந்து வந்துச்சு."

தேசம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் அவள் இடுப்பிலிருந்த சின்னப் பிள்ளையைப் பார்த்தாள். "இது இன்னா, இன்னும் இருமிக்கினே கீது? உள்ள வா. டாக்டரு வந்துகிறாரு, மொதல்ல காட்டு" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வீட்டை இழந்தவளே அப்படிச் செய்த பிறகு வாசலில் நின்றவர்கள் என்ன பேசுவார்கள்? விலகினார்கள். இரண்டு பேர் மட்டும் கோபித்துக்கொண்டு உறவினர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

தீ எப்படிப் பிடித்தது என்று இன்றுவரை தெரியாது. சாலையோரம் தொடங்கியிருக்கலாம் என்றுதான் தீயணைப்புத் துறையினர் எழுதினார்கள்.

மறுநாள் காலை வளைகாப்பு அதே மண்டபத்தில் நடந்தது. ஒத்திவைத்துவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். தசரதனின் மனைவி, "ஒன்பதாம் மாசத்துல எங்கேம்மா தள்ளிப்போடறது?" என்று பாய்களை ஓரமாகச் சுருட்டச் சொல்லி நடுவில் மணை போட்டுவிட்டார். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் சிலர் மண்டபத்தைப் பார்த்து முகம் சுளித்து, சாப்பிடாமலே போனார்கள். அந்த அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. குப்பத்துப் பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வளையல் போடச் சொன்னார். மணியின் மனைவி தூணுக்குப் பின்னால் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தாள். "நீயும் வாம்மா. ரெண்டு பெத்தவதான, வந்து போடு" என்றார். கரி போகாத கையால் அவள் வளையல் போட்டதை நான் பார்த்தேன். கண்ணாடி வளையல் உடைந்துவிடக்கூடாதே என்று அவ்வளவு மெதுவாகப் போட்டாள்.

அதற்குப் பிறகு அவளை என் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு பொன்னேரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். மணி இரண்டு காலிலும் கட்டோடு தூங்கிக்கொண்டிருந்தார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்தோம். சொல்லியே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

"நேத்து நான்தான் எல்லாரும் வந்தாச்சுன்னு மேல சொன்னேன். அதனால ஒரு வண்டி திரும்பிப் போச்சு. அது சீக்கிரம் வந்திருந்தா இவர் கால் இப்படி ஆகியிருக்காது."

அவள் அழுவாள், திட்டுவாள், அல்லது பரவாயில்லை என்று சொல்வாள் என்று நினைத்தேன். அவள் என் பையிலிருந்து துருத்திக்கொண்டிருந்த காகிதங்களைக் காட்டினாள்.

"அது இன்னா லிஸ்டா? அதுல எங்கள எப்டி எழுதிகிறீங்க?"

எடுத்துப் பார்த்தேன். 'மணி, மனைவி, குழந்தைகள் இரண்டு.'

"அவரு இங்க கெடக்கறாரு. அரிசி, துணிமணி குடுத்தா வாங்க நான்தான வருவேன்? மனைவினு எழுதினா, நான்தான் அதுனு அவங்களுக்கு எப்டித் தெரியும்? பேரு இல்லாம யாரு குடுப்பாங்க?"

சேற்றில் அவளோடு நின்றேன், சட்டியை மாற்றி மாற்றித் தட்டினேன், மண்டபத்தில் ஒரே கூரையின் கீழ் இருந்தேன், ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிவந்தேன். அவள் பெயரைக் கேட்கவே இல்லை.

"உங்க பேர் என்ன?"

"பூங்காவனம். பெரியவ பேரு அஞ்சலை. சின்னவன் வேலு. அதையும் எழுதிக்கோங்க."

எழுதினேன். அன்று மாலை மண்டபத்துக்குத் திரும்பி, முழுப் பட்டியலையும் கிழித்துப் போட்டுவிட்டு, தேசம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளின் பெயராக மறுபடி எழுதினேன். குடும்பத் தலைவர் பெயரை மட்டும் எழுதிய பழைய பட்டியலில் இல்லாத இரண்டு பேர் அப்போது கிடைத்தார்கள்: அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் தனியாகப் பொங்கித் தின்ற ஒரு விதவை, மனைவி போன பிறகு வலைக்கொட்டகையில் படுத்துக்கொண்டிருந்த ஒருவர். இருவரும் கூட்டத்தில் எங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

வட்டாட்சியர் பட்டியலைப் பார்க்க வந்தார். பக்கங்களைப் புரட்டிவிட்டு, என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்: "இனிமே 'எல்லாரும்'னு எழுதாதே. எத்தனை பேர், யார் எண்ணினது, யாரை எண்ணலன்னு எழுது. மூணாவதுதான் முக்கியம்." மேலே அவர் கொடுத்த அறிக்கையில், முதல் தகவல் தவறு, ஒரு மணி நேரத்துக்குள் திருத்தப்பட்டது என்று எழுதியிருந்தார். தவறு யாருடையது என்று எழுதவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தபோது அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு, "வெச்சிக்கோ" என்று மட்டும் சொன்னார்.

குப்பத்து வீடுகள் மழைக்கு முன்னால் எழும்பிவிட்டன. இருளர் குடும்பங்களுக்கு மனைப்பட்டா கேட்டு நான் அனுப்பிய கோப்பு, நான் இருந்தவரை முடியவில்லை. எனக்குப் பின்னால் வந்தவர் முடித்தார் என்று கேள்விப்பட்டேன். அவரும் உங்களைப் போன்ற ஒருவர்தான்.

தீப்பிடித்து ஆறு மாதம் கழித்து மணி என் அலுவலகத்துக்கு வந்தார். கோல் ஊன்றியிருந்தார். இடது பாதம் சரியாகப் பதியவில்லை. பஸ் பிடித்து வந்து, நிறுத்தத்திலிருந்து நடந்திருக்கிறார். வாசற்படியில் நின்று வேர்வையைத் துடைத்துக்கொண்டார். ஏதோ மனு கொடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நாற்காலியைக் காட்டினேன். உட்காரவில்லை.

"ஆந்திராப் பக்கம் வெட்டுக்குப் போறோம்மா. மூணு குடும்பமும். பொங்கல் தாண்டித்தான் வருவோம்."

"சரி மணி. ஏதாவது எழுதித் தரணுமா?"

"ஒண்ணும் வேணாம். தோப்புல எதுனா ஆச்சுனா, நாங்க உள்ள கீறோம்னு நெனச்சி படகு எடுத்துக்கினு யாரையும் அனுப்பிடாதீங்க. பெரியவரு வேற வயசானவரு. அதச் சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

சொல்லிவிட்டு, கோலை மாற்றிப் பிடித்துக்கொண்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.